நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு நம் பக்கத்து வீடுகளில் இரண்டு புத்திமதி சொல்லி அனுப்புவார்கள். அம்மா, “நாலு பேரோட அனுசரிச்சுப் போப்பா, வாயக் குடுத்து வம்ப வாங்காத” என்பார். வேலைக்குச் சொல்லிவிட்ட மாமா, “நீ யாருன்னு காட்டணும் மாப்ள, கூட்டத்தோட கூட்டமா நின்னா எவன் கண்ணுலயும் பட மாட்ட” என்பார். இரண்டையும் ஒரே வாசலில், செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் கேட்டுவிட்டு, பையன் மங்கலம்பேட்டையில் விருத்தாசலம் வண்டி ஏறுவான். நெய்வேலியில் அப்ரண்டிஸ், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை, எதிர்ப்பக்கம் உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து சென்னையில் ஐ.டி. கம்பெனி என்று போகுமிடம் ஆளுக்கு ஆள் மாறும். புத்திமதி மாறாது.

இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. பெரும்பாலானோர் தாமாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்: பாதி அடங்கிப் போவோம், பாதி மிஞ்சிப் பார்ப்போம். எல்லா விஷயத்திலும் அரை மனசாக ஒத்துப்போய், எல்லா விஷயத்திலும் அரைகுறையாக மாறுபட்டு நிற்கிறார்கள். ஒட்டவும் இல்லை, தெரியவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை கணக்கு தொடக்கத்திலேயே தப்பு. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்று நினைப்பதால் வரும் தப்பு. ஒட்டுவது ஒரு பொருள், தனித்துத் தெரிவது இன்னொரு பொருள். இரண்டையும் தனித்தனியாக ஊறவைத்து, தனித்தனியாக அரைத்து, அதன்பிறகு கலக்க வேண்டும். வீட்டில் வாராவாரம் இட்லி மாவுக்குச் செய்கிற வேலைதான். அதையே பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

அளவு

இட்லி அரிசி நாலு பங்கு என்றால் உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். மூன்றுக்கு ஒன்று போடுகிறவர்கள் உண்டு. ரேஷன் அரிசி என்றால் கணக்கு கொஞ்சம் தள்ளும். அரிசியைவிட உளுந்து கூடுதலாகப் போட்டு இட்லி ஊற்றுகிற வீட்டை நான் பார்த்ததில்லை. உளுந்து கூடினால் இட்லி தட்டிலேயே அமுங்கிப் பரந்துவிடும், வாயில் ஒட்டும். குறைந்தால் கல்.

இந்த ஒரு பங்கு உளுந்து உள்ளே என்ன செய்கிறது? மாவு பொங்குவதற்கு நாம் வெளியிலிருந்து எதையும் போடுவதில்லை. தானியத்தின் மேல் முன்பே ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்கள், முக்கியமாக லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்கிற பாக்டீரியா, ராத்திரி முழுக்க மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. வெறும் அரிசி மாவில் அந்த வாயு நிற்காது, மேலே வந்து வெடித்துப் போய்விடும். உளுந்தின் வழவழப்பு, அதாவது அதன் புரதமும் பிசுபிசுப்பும், குமிழிகளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பைக் கொடுப்பது அரிசி, அது பஞ்சாக நிற்பது உளுந்தால்.

வயலிலும் இதே கூட்டுதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு, தாளடியின் நடுவே, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் தைப் பனியையும் வைத்தே அது வளர்ந்துவிடும். ஆடுதுறை 3 என்ற ரகம் இதற்கென்றே பேர் போனது. தனக்கென்று உழவு கேட்காமல், தனக்கென்று தண்ணீர் கேட்காமல் வருகிற பயிர். ஆனாலும் அது நெல்லாகிவிடுவதில்லை.

வேலையிடத்தில் அரிசி என்றால் என்ன? எத்தனை மணிக்கு வருவது, ஒரு கோப்பை யாரிடம் முதலில் காட்டுவது, லீவு கேட்டு எப்படி எழுதுவது, பெரியவரை சார் என்பதா அண்ணன் என்பதா, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது. இதில் எல்லாம் மற்றவர்களைப் போலவே இருந்துவிடுவதில் யாருக்கும் மானக்குறைவு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் கையில் இருக்கிற ஒரு பங்கு உளுந்தை இந்த இடங்களில் கொட்டி வீணாக்குகிறார்கள். சேர்ந்த வாரத்திலேயே வருகைப் பதிவேட்டின் கட்டம் சரியில்லை என்று பேசுவது, எல்லோரும் போகிற டீக்கடைக்கு நான் வரமாட்டேன் என்பது, மேலதிகாரிக்கு அனுப்புகிற மின்னஞ்சலில் தன் பாணியைக் காட்டுவது. அங்கே வித்தியாசமாக இருந்து எந்த வேலையும் நிமிரப் போவதில்லை. மற்றவர்களின் உழைப்பிலிருந்து கிளம்பி, பிடிப்பில்லாமல் வீணாகிற ஏதோ ஒன்று எல்லா ஆபீசிலும் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில்தான் வித்தியாசம் வேண்டும்.

அரைவை

மங்கலம்பேட்டையில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற ஒரு அக்காவிடம் கேட்டேன்: “ஏங்க்கா, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அரைச்சா வேலை மிச்சம்தானே?”

“வேல மிச்சம்தான் தம்பி. இட்லியும் மிச்சமாத்தான் கெடக்கும்.”

உளுந்தை அவர் அரைக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஊறின உளுந்தை கிரைண்டரில் போட்டு, சில்லென்ற தண்ணீரைக் கையால் தெளிக்கிறார். ஊற்றுவதே இல்லை. கல்லின் மேல் ஏறுகிற மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளுகிறார், மறுபடி ஒரு தெளிப்பு. அரை மணி நேரத்துக்குக் கிட்டே ஆகிறது. போட்டதைப்போலப் பல மடங்கு பெருகி, வெண்ணெயாகத் திரண்டு வருகிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு துளி போட்டுப் பார்த்தார், மிதந்தது. “இப்ப எடுக்கலாம்.” அரிசிக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது. கொரகொரப்பாக, ரவை பதத்தில், சீக்கிரம் அரைத்து இறக்கிவிட்டார். இரண்டும் ஒன்றாக அரைபட்டால் உளுந்து இப்படிப் பெருகாது. அரிசியின் கொரகொரப்பும் உளுந்தின் நைஸும் ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுத்து இரண்டும் கெட்டுப்போகும்.

தனியாக அரைபட்ட ஆள் எப்படி இருப்பார் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் படித்து, மங்களூர், கோயம்புத்தூர் என்று பாடம் நடத்தி, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த கணித வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. வகுப்பறையில் நின்று பேசிப் பழகியவருக்கு, ஆள் அரவமில்லாத நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை; பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று மன்றாடினார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். இங்கிலாந்தின் நூலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிப் பார்த்தார். மெல்வில் டியூவி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறை அப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஒரு எண், புத்தகம் வந்தால் அந்த எண்ணில் வைக்க வேண்டியது. ரங்கநாதனுக்கு அங்கேதான் இடித்தது. காவிரிக் கரையில் நெற்பயிருக்கு வருகிற ஒரு நோய், அதைத் தடுக்கிற முறை, அதுவும் குறிப்பிட்ட ஒரு காலத்தில் நடந்தது என்று ஒரு புத்தகம் வந்தால் அதை எந்த எண்ணில் வைப்பது? பயிரிலா, நோயிலா, ஊரிலா?

ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, ஒரே பெட்டியிலிருந்து விதவிதமான பொம்மைகளைச் செய்துகாட்டினார்கள். பாடத்துக்கும் ஆயத்த எண் வேண்டியதில்லை, துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கு ஏற்பப் பூட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். பூட்டுகிற திருகாக முக்காற்புள்ளியை, அதாவது கோலனை, வைத்துக்கொண்டார். 1925இல் ஊர் திரும்புகிற கப்பலில், அந்தக் கப்பலின் நூலகத்திலேயே அதைப் போட்டுப் பார்த்தார்.

இந்தக் கதையை எல்லோரும் மெக்கானோவோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வந்த வருஷங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சென்னைக்கு வந்து இறங்கியதும் புதுமுறையைத் தூக்கிக்கொண்டு அவர் தெருவில் நிற்கவில்லை. பட்டியல், பதிவேடு, புத்தகம் வாங்குவது, அரசாங்கத்துக்குக் கடிதம் என்று நூலகர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நேரம் காலம் பார்க்காமல் செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார், வாசகர்களை அலமாரிக்குப் பக்கத்திலேயே போய் எடுக்கவிட்டார். 1928இல் மற்றவர்களோடு சேர்ந்து சென்னை நூலகச் சங்கம். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல். கப்பலில் போட்டுப் பார்த்த கோலன் பகுப்புமுறை அச்சாகி வந்தது 1933இல். இடைப்பட்ட எட்டு வருஷமும் உளுந்து தனியாக அரைபட்டுக்கொண்டே இருந்தது, அரிசி வேலையும் ஒரு நாள் நிற்காமல் நடந்தது.

கலவை

அரைத்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் கலந்துவிட்டதாக அர்த்தமில்லை. கலக்காமல் விட்டால் கனமான அரிசி மாவு அடியில் தங்கி, உளுந்து மேலே தனியாக நிற்கும். மேலாக எடுத்து ஊற்றினால் ஒட்டுகிற இட்லி, அடியிலிருந்து எடுத்தால் கல் இட்லி. கையை விட்டு அடிவரை துழாவிக் கலக்க வேண்டும்.

வேலையிடத்தில் இந்தக் கலவையை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அமிர் கோல்ட்பர்க், பெர்க்லியைச் சேர்ந்த சமீர் ஸ்ரீவத்சவா ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனம், 601 ஊழியர்கள், ஐந்து வருஷத்தில் அவர்கள் எழுதிக்கொண்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். ஒன்று, அவர் எழுதுகிற தோரணை சுற்றியுள்ளவர்களின் தோரணையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது. இன்னொன்று, அவருடைய ஆள் பழக்கம் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்த ஒரே இறுக்கமான குழுவுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குழுக்களில் பரவியிருக்கிறதா. பிறகு யார் மேலே போனார்கள், யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள்.

தோரணையும் ஒட்டாமல், குழுவிலும் சேராமல் இருந்தவர்கள் நிலைக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான். தோரணையிலும் ஒட்டி, குழுவிலும் இறுகிப்போனவர்களும் தேறவில்லை என்பதுதான் இதில் சேதி. அவர்களிடமிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை. தேறியவர்கள் இரண்டு வகை. நிறுவனத்தின் தோரணையில் அச்சு அசலாகப் பேசிக்கொண்டே பல குழுக்களுக்கு நடுவே போய் வந்தவர்கள் ஒரு வகை. ஒரு குழுவுக்குள் ஆழமாக வேரூன்றி நின்று, அதே சமயம் தங்கள் தோரணையை மாற்றிக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. ஏதாவது ஒன்றில் ஒட்ட வேண்டும், மற்றதில் விலகி நிற்க வேண்டும்.

என் வாசிப்பில் ரங்கநாதன் முதல் வகை. ஆபீஸ் நடைமுறைகளில் யாரும் குறை சொல்ல முடியாதவர். பழக்கமோ கணித உலகம், லண்டன் நூலகர்கள், மாகாண அரசியல்வாதிகள் என்று எங்கும் பரவிக் கிடந்தது. கணிதத்திலிருந்து எடுத்ததை நூலகத்தில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்.

இரண்டாம் வகைக்கு நாகஸ்வரத்தைவிட்டு வேறெங்கும் போக வேண்டாம். டி. என். ராஜரத்தினம் பிள்ளை, 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். திருவாவடுதுறை ஆதீன வித்வான். கோயில், மடம், தவில், மல்லாரி, ராகம் என்று மரபின் நடு முற்றத்தில் இருந்தவர். அவர் காலத்து நாகஸ்வரக்காரர்கள் குடுமி வைத்து, வெற்றுடம்போடு நின்றபடி வாசித்தார்கள். பெரிய மனிதர் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். ராஜரத்தினம் கிராப்பு வைத்தார், கோட்டு போட்டார், மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். கூடவே ஒத்து ஊதுகிறவரை விட்டுவிட்டுச் சுருதிக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியைக் கொண்டு, பழைய திமிரி நாயனத்தைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைச் செய்வித்து வாசித்தார். இதை வெறும் மிடுக்கு என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சாதி நின்று வாசிக்க வேண்டும், இன்னொரு சாதி உட்கார்ந்து பாட வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் மறுத்தார். மணிக்கணக்கில் தோடி ஆலாபனை செய்கிற கை அது என்பதால் சபைகளும் மறுபேச்சுப் பேச முடியவில்லை. மரபை அரிசியாக நிறையப் போட்டவர், உளுந்தை எங்கே போட வேண்டும் என்று தெரிந்து போட்டார்.

புளிப்பு

கலந்து உப்புப் போட்ட உடனே ஊற்றினால் இட்லி வராது. சித்திரை வெயிலில் விருத்தாசலம் பக்கம் ராத்திரி பத்து மணிக்குக் கலந்த மாவு விடியுமுன் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். மார்கழியில் அதே மாவை அடுப்பங்கரையில், துணி சுற்றி வைத்தாலும் மசமசவென்று கிடக்கும். அளவு ஒன்றுதான், நேரம் வேறு.

எட்வின் ஹாலண்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958இல் இந்த நேரக் கணக்கைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு குழுவில் புதிதாக வந்தவர் அங்குள்ள முறைப்படி நடந்து, வேலையும் தெரிந்தவராக இருந்தால், அவர் பேரில் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. பின்னால் முறையை மீறுகிறபோது அந்தச் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறார். இரண்டு வருஷம் கழித்து அதைச் சோதித்தும் பார்த்தார். ஒரு குழுவுக்குள் விடை தெரிந்த ஆள் ஒருவரை நுழைத்தார்கள். அவர் சில குழுக்களில் தொடக்கத்திலேயே நடைமுறையை மீறினார், சில குழுக்களில் முதலில் ஒத்துப்போய்ப் பிறகு மீறினார். சொன்ன விடை இரண்டு இடத்திலும் சரியானதுதான். பிறகு மீறியவர் பேச்சுத்தான் கூடுதலாக எடுபட்டது.

அதற்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. “இன்னும் கொஞ்சம் சீனியர் ஆகட்டும், அப்பறம் பேசறேன்” என்று சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றுப் போனவர்களை எந்த அரசு அலுவலகத்திலும் பார்க்கலாம். பொங்கின மாவை ஊற்றாமல் வைத்திருந்தால் புளித்து நீர்த்துப்போகும். ஊத்தப்பத்துக்கு ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பாத்திரம்

எவ்வளவு நல்ல மாவாக இருந்தாலும் பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பினால் மேடையெல்லாம் வழியும். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. இந்த இடத்தில் பொறுப்பு மாவுக்கு இல்லை, ஊற்றி வைக்கிறவருக்கு.

கணித மேதை ராமானுஜன் கதையை இந்தக் கண்ணால் பார்க்கலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் கணிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டார், மற்றப் பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அரிசியே இல்லாத உளுந்து. அந்தக் கல்லூரிக்கும் அதைக் கொள்கிற பாத்திரம் இல்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அங்கே அவர் கோப்புகளைப் பார்த்தார், கூட்டிக் கழித்தார், மற்ற எழுத்தர்களைப்போல உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர், கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அக்கறை காட்டியவர். பாத்திரத்தில் மேல்பாதி காலியாக இருந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுகக் கழகக் கணக்கர், வருஷச் சம்பளம் இருபது பவுன் என்றுதான் ராமானுஜன் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இந்த ராமானுஜனைப் பற்றிப் பின்னாளில் ஒரு நூலே எழுதியவர் நம்முடைய ரங்கநாதன்.

பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது அளவைப் பற்றி மறுபடியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாலுக்கு ஒன்று என்பது ஒரு ஆளுக்குள் இருக்கிற கணக்கு மட்டும் இல்லை. ஒரு படி அரிசிக்கு நாலே நாலு உளுந்து போட்டு அரைத்தால் அது எவ்வளவு உசத்தியான உளுந்தாக இருந்தாலும் இட்லி மலராது. சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் எழுதிய நூலில், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஆண்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பேராக இருந்த பெண்களை ஆராய்ந்தார். நூற்றுக்குப் பதினைந்துக்கும் கீழாக இருக்கிற வகையினர் என்ன செய்தாலும் அது எல்லார் கண்ணிலும் படும், வேலையைவிட அவர்கள் பெண் என்பதே முன்னால் நிற்கும் என்று காட்டினார். அவர்களுக்குத் தனித்துத் தெரிவது ஒரு பிரச்சினையே இல்லை. தெரியாமல் இருக்கத்தான் வழியில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய், ஒரு தளத்தில் தலையில் துப்பட்டா அணிந்த ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும், தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிற கூட்டத்தில் வாயைத் திறக்கத் தயங்குகிற பையனுக்கும், ஊர்ப்பெயரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்கப்படுகிறவருக்கும் “கொஞ்சம் ஒத்துப்போ” என்று சொல்வது எளிது. மற்றவர்களுக்குப் பிறப்பிலேயே கையில் கிடைத்த அரிசியை இவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. தோரணை ஒத்துப்போகிறதா என்று அளக்கிற எந்த ஆய்வும் இந்த விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. கோல்ட்பர்க்கின் ஆய்வைப் படித்தபோது எனக்கு இருந்த மனக்குறை இதுதான்.

இங்கே தனி ஆளின் சாமர்த்தியத்தைவிட, பக்கத்தில் இரண்டாவதாக ஒருவர் இருப்பதுதான் உதவுகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோட்டுச் சோதனை தெரிந்திருக்கும்: சுற்றி இருக்கிற எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் நீளம் பொருந்தாத கோட்டைப் பொருந்துகிறது என்று சொன்னால், தனியாக மாட்டிக்கொண்டவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கண்ணெதிரே தெரிகிற தப்பையே சொன்னார். அதே சோதனையில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னபோது, இவர் அடங்கிப்போவது மிகப் பெரிய அளவில் குறைந்தது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், ஊருக்கு ஒருவர், சமூகத்துக்கு ஒருவர் என்று ஒற்றை ஆளாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, ஏன் இவர் பேசவே மாட்டேன் என்கிறார் என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை.

பாத்திரம் எப்போதும் பெரிதாகவே இருக்கும் என்றும் இல்லை. ரங்கநாதனுக்கே அது நேர்ந்தது. இருபது வருஷம் உழைத்த பிறகு சென்னைப் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு உரசல் முற்றி, பதவியைத் துறந்து மனம் நொந்திருந்து, 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு டெல்லி, பிறகு பெங்களூர். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக வந்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் அவர் பங்கு பெரிது. 1957இல் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை, தம்மோடு உரசிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, மனைவி சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்கக் கொடுத்தார். 1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் காலமானார்.

அவருடைய கோலன் முறையைப் பின்பற்றுகிற நூலகங்கள் இன்று குறைவு. உலகத்தின் ஏராளமான அலமாரிகளில் இன்னமும் டியூவியின் எண்கள்தான். ஆனால் ஒரு பொருளை ஒரே கட்டத்தில் அடைக்காமல் அதன் முகங்களாகப் பிரித்துக்கொள்வது என்ற அந்த உத்தி, பிளிஸ் பகுப்புமுறையின் இரண்டாம் பதிப்புக்கு அடிப்படை ஆயிற்று. மற்ற முறைகளின் திருத்தங்களுக்குள்ளும் போயிற்று. பிறகு கணினித் தேடலுக்குள்ளும் போயிற்று. மங்கலம்பேட்டையில் உட்கார்ந்து, செல்போனில் பிள்ளைக்கு ஒரு ஸ்கூல் ஷூ தேடுகிறவர் நிறம் கறுப்பு, அளவு ஐந்து, விலை ஐநூறுக்குள் என்று ஒவ்வொன்றாகத் தட்டி வடிகட்டுகிறார் அல்லவா, அந்தப் பகுப்பு அங்கிருந்து வந்ததுதான்.